மூட்டை, தராசு, சில்லறை: எல்லையோரப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழா – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை – வேலந்தாவளம் வட்டாரத்தில் உள்ள பள்ளி இது. ஒன்று முதல் ஏழு வரை வகுப்புகள். தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. நிகழ்வு நடந்த ஆண்டில் 286 பிள்ளைகள் படித்தார்கள். பெற்றோரில் பலருக்குத் தென்னந்தோப்பு, அரிசி ஆலை, காய்கறிச் சந்தை ஆகியவற்றில்தான் பிழைப்பு.

அதற்கு முந்தைய ஆண்டு விளையாட்டு விழாவின் கருப்பொருள் விண்வெளி. தெர்மகோல் ராக்கெட், கோள்கள் தொங்கும் வளைவு, வெள்ளித்தாள் ஒட்டிய மேடை என்று பணத்தில் பெரும்பகுதி அலங்காரத்துக்கே போனது. போட்டிகளோ வழக்கமான 50 மீட்டர், 100 மீட்டர், எலுமிச்சை கரண்டிதான். ராக்கெட்டுக்கும் ஓட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பத்து மணிக்கு மேல் காற்று எழுந்ததும் வளைவு சாய்ந்தது. கோள்கள் பக்கத்துத் தோப்பில் போய் விழுந்தன. காலை ஒன்பதுக்குத் தொடங்கிய விழா முடிய மாலை ஐந்து தாண்டியது. பதிவேட்டைப் பார்த்தால் பிள்ளைகளில் பாதிக்கு மேல் எந்தப் போட்டியிலும் இறங்கவே இல்லை. பரிசுப் பட்டியலில் ஒரே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன.

அடுத்த விழாவுக்கு உடற்கல்வி ஆசிரியர், இரு பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொரு டீச்சர், பி.டி.ஏ. (பெற்றோர்–ஆசிரியர் சங்கம்) உறுப்பினர் இருவர் என ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது.

முதலில் பார்த்தது: இடம், காற்று, நேரம்

கருப்பொருளைப் பேசுவதற்கு முன் குழு மைதானத்தை அளந்தது. இந்த வரிசை முக்கியம். பல பள்ளிகளில் இது தலைகீழாக நடக்கிறது.

மைதானம் 90 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம். முந்தைய ஆண்டு இதில் ஆறு தடங்கள் போட்டிருந்தார்கள். அது அடங்காது. 200 மீட்டர் ஓடுதளத்துக்கு நேர்ப்பகுதிகள் 40 மீட்டர் வீதம் 80 மீட்டர் எடுத்தால், இரு வளைவுகளுக்கும் சேர்த்து மிச்சம் 120 மீட்டர். ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர். விளிம்புக் கல் இல்லாமல் வெறும் கோடு போடும் இடத்தில் ஓடும் தூரத்தைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பார்கள், ஆகவே உள்கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். தடத்தின் அகலம் 1.22 மீட்டர். நான்கு தடங்களுக்கு மொத்தம் 87.56 × 47.56 மீட்டர் தேவை. மைதானத்தில் இது அடங்கும். ஆறு தடங்களுக்கு 92.44 × 52.44 மீட்டர் வேண்டும். முந்தைய ஆண்டு வெளித்தடங்களின் வளைவை நெருக்கிப் போட்டதால் அதில் ஓடிய பிள்ளைகளுக்குத் தூரம் குறைந்திருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

வெளித்தடத்தில் சுற்று நீளம் என்பதால், ஒரு சுற்று ஓட்டத்தில் தொடக்கக் கோடுகள் முன்தள்ளும் அளவு தடத்துக்கு 7.67 மீட்டர். வளைவு சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து இது மாறாது. தடத்தின் அகலத்தை மட்டுமே பொறுத்தது. இரண்டாம் தடம் 7.67, மூன்றாம் தடம் 15.33, நான்காம் தடம் 23.00 மீட்டர் முன்னால் நிற்கும். வளைவு வரைய நைலான் கயிறு ஆகாது, இழுத்தால் நீளும். ஆரத்தில் 10 செ.மீ. கூடினால் சுற்றில் 63 செ.மீ. கூடிவிடும். இங்கே கட்டுக்கம்பியை முளைக்குச்சியில் மாட்டி வரைந்தார்கள். மூலைகளைச் செங்கோணமாக்க 9–12–15 மீட்டர் முக்கோணம்.

100 மீட்டர் நேரோட்டம் இந்த மைதானத்தில் நடக்காது. மூலைக்கு மூலை இழுத்தால் 103 மீட்டர் வரும், ஆனால் ஓடி முடித்த பிள்ளை வேகம் குறைக்க இடமில்லாமல் சுவரில் போய் மோதும்.

காற்றும் கணக்கில் வந்தது. பாலக்காட்டுக் கணவாயில் மழைக்காலத்தில் தென்மேற்குக் காற்று. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வறண்ட காற்று இரைந்து வரும். இதை ஊரில் எல்லாரும் அறிவார்கள், விழாத் திட்டம் போடுகிறவர்கள் மட்டும் ஆண்டுதோறும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, நேரம். ஐந்து முதல் ஏழு வரை 136 பிள்ளைகள். எல்லாரும் 100 மீட்டர் ஓடினால், ஆறு தடத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக 23 சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம் என்றால் 69 நிமிடம், இறுதிப் போட்டிகள் தனி. ஒரு போட்டிக்கே இவ்வளவு.

எடுத்த முடிவுகள்

ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய அளவுப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளும் 100 மீட்டர் முழுவதும் முந்தைய வாரத்திலேயே பஞ்சாயத்து மைதானத்தில், பி.டி. வகுப்பு நேரத்தில் நடத்தப்படும். விழா நாளில் 50 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகியவற்றின் இறுதிப் போட்டிகள் மட்டும். இவற்றில் கருப்பொருள் நுழையாது. 200 மீட்டர் ஓடுகிறவர் தலையில் தொப்பியோ கையில் கூடையோ கிடையாது. ஓட்டத்தை ஓட்டமாக விட்டுவிட வேண்டும் என்பதில் உடற்கல்வி ஆசிரியர் உறுதியாக இருந்தார். அது சரியான உறுதி.

ஓடுதளத்துக்கு உள்ளே கிடைத்த 40 × 37 மீட்டர் இடம் கருப்பொருள் விளையாட்டுகளுக்கு. பிள்ளைகள் அனைவரும் அவற்றில் ஒன்றிலாவது இறங்க வேண்டும்.

கருப்பொருளாகச் சந்தையைத் தேர்ந்தார்கள். பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த இடம். கூடை, சாக்கு, தராசு இரவலாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் விட, சந்தையில் தூக்குவது, அடுக்குவது, நிறுப்பது, கணக்குப் பார்ப்பது என உடம்புக்கும் மூளைக்கும் வேலை இருக்கிறது. அலங்காரம் செய்யாமலே விளையாட்டு கிடைக்கும். நாள் ஜனவரி மூன்றாம் வாரம் குறிக்கப்பட்டது. பொங்கலுக்குப் பாலக்காட்டில் உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தைய நாட்களில் சந்தையில் ஒரு கூடைகூட ஓய்வாக இருக்காது.

புள்ளிகளில் ஒரு மாற்றம். தனிநபர் போட்டிகளுக்கு 5, 3, 1. கருப்பொருள் விளையாட்டுகளில் நான்கு அணிகளுக்கும் 10, 7, 5, 3. கடைசியாக வந்த அணிக்கும் புள்ளி இருந்தால்தான் பாதியில் யாரும் கையை விட மாட்டார்கள். பழைய சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் அணிகளே தொடர்ந்தன. பனியன் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

பி.டி.ஏ. கூட்டத்தில் எழுந்த மறுப்பு

முதல் திட்டத்தில் "மூட்டை தூக்கும் ஓட்டம்" என்று ஒரு போட்டி இருந்தது. மூன்று கிலோ மணல் பையைத் தோளில் வைத்து 30 மீட்டர் ஓட வேண்டும். எடை தோராயமாகக் குறிக்கப்பட்டதல்ல. புத்தகப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு அது மூன்று கிலோ. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

டிசம்பரில் நடந்த பி.டி.ஏ. கூட்டத்தில் இதை வாசித்ததும், சந்தையில் சுமை இறக்கும் தந்தை ஒருவர் எழுந்தார். "நாங்க மூட்டை தூக்கறது பத்தாதுங்களா சார்? எம்பையனும் அத்தனை பேரு முன்னால தூக்கிக் காட்டணுமாங்க?" என்றார். கூட்டம் அமைதியானது. இது வெறும் விளையாட்டுத்தான் என்று சமாதானம் சொல்ல முயன்ற ஒருவரைத் தலைமையாசிரியை கையமர்த்தினார். அந்தப் போட்டி நீக்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார்.

கருப்பொருளையே மாற்றலாமா என்று குழு அடுத்த நாள் யோசித்தது. மாற்றவில்லை. அந்தத் தந்தை சந்தையை மறுக்கவில்லை. சந்தை வேலையில் வெறும் சுமையை மட்டும் எடுத்துக்கொண்டதை மறுத்தார். உடற்கல்வி ஆசிரியர் அவரையும் அவரோடு வேலை செய்யும் இருவரையும் சந்தையிலேயே போய்ப் பார்த்து, இந்த வேலையில் கைத்திறன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பதில் உடனே வந்தது: "அடுக்கறதுலங்க. தூக்கறதுக்கு உடம்பு போதும், அடுக்கறதுக்குக் கண்ணு வேணும்."

அடுக்குப் போட்டி உருவான விதம்

மணல் வேண்டாம், உமி போடுங்கள் என்றது அவர்கள்தான். மூன்று கிலோ மணல் கைக்கடக்கமான சின்னப் பொட்டலம். விழுந்தால் கால்விரல் நசுங்கும், மூட்டை மாதிரி அடுக்கவும் வராது. உமி அரிசி ஆலையில் சும்மா கிடைக்கும். பழைய சணல் சாக்குகளை வெட்டித் தைத்து, நிரப்பிய பின் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் சுமார் 10 செ.மீ. கனமும் வரும்படி பைகள் செய்தார்கள். ஒரு பை இரண்டு கிலோவுக்கும் குறைவு. அகலம் நீளத்தில் பாதியாக இருப்பதுதான் இதில் சூட்சுமம்: இரண்டு பை சேர்ந்தால் சதுரம், அடுத்த வரிசையை குறுக்கே திருப்பினாலும் அதே சதுரம்.

பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. முட்ட நிரப்பினால் உருளையாகி வழுக்கும். நிரப்பியதும் தரையில் வைத்து மிதித்துத் தட்டையாக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு ஆகாது, ஒன்றன் மேல் ஒன்று நிற்காமல் சறுக்கும்.

விளையாட்டு இப்படி. அணிக்கு ஐந்து பேர், பத்துப் பைகள். 15 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பைகளை இருவர் இருவராகப் பிடித்து வந்து, தரையில் குறித்த கட்டத்துக்குள் ஐந்து வரிசையாக அடுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை மாற்றிப் போட வேண்டும், பையின் வாய் உள்பக்கம் இருக்க வேண்டும். முடித்துக் கை எடுத்ததும் 30 வினாடி நிற்க வேண்டும். சரிந்தால் சரிந்த பைக்குப் பத்து வினாடி கூட்டப்படும். நடுவர்கள் அந்த மூன்று தொழிலாளிகள். அவர்களில் ஒருவர்தான் மறுத்த தந்தை.

மற்ற விளையாட்டுகள்

கூடைத் தொடர் ஓட்டம் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு. மூங்கில் கூடையின் விளிம்பில் சிலாம்பு இருக்கும். பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்தார்கள். வெறும் கூடையைக் காற்று கையிலிருந்து பிடுங்குவது ஒத்திகையிலேயே தெரிந்ததால், உரித்த தேங்காய் ஒன்றைத் துணியில் முடிந்து உள்ளே கட்டினார்கள். தலையில் வைக்கக் கூடாது, மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். ஒத்திகையில் எதிரெதிரே ஓடி வந்து கூடை மாற்றும்போது இரு பிள்ளைகள் முட்டி ஒருவருக்கு உதடு கிழிந்தது. அதன் பிறகு, வருகிறவர் வரிசையின் பின்பக்கம் சுற்றி வந்து வலப்புறமிருந்து கொடுக்க வேண்டும் என்று விதி மாறியது. இரண்டு வினாடி கூடும், ஆனால் மோதல் இல்லை.

"இரண்டு கிலோ" விளையாட்டில் ஐந்து பேர் ஒவ்வொருவராக 30 மீட்டர் ஓடி, உருளைக்கிழங்குக் குவியலிலிருந்து கைக்கு எட்டியதை எடுத்துக் கூடையில் போட்டுத் திரும்புவார்கள். போட்டதை எடுக்கக் கூடாது. முடிவில் நிறுத்து, இரண்டு கிலோவுக்கு மிக அருகில் வந்த அணிக்கு முதலிடம். குவியலில் பெரிய கிழங்கும் கோலிக்குண்டு அளவுக் கிழங்கும் கலந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் கடைசி ஆளுக்குச் சரிக்கட்ட வழியில்லை. ஓட இயலாத மூன்று பிள்ளைகள் கூடையருகே உட்கார்ந்து எடையைக் கைமதிப்பாகச் சொல்லும் பொறுப்பில் இருந்தார்கள். இது சலுகை இடமில்லை. அவர்கள் சொல்லைக் கேட்காத அணி 400 கிராம் கூடுதலாகப் போட்டுக் கடைசியில் நின்றது.

"சில்லறை" ஆறு, ஏழு வகுப்புகளுக்கு. சாமான் பட்டியலில் பாதி தமிழில், பாதி மலையாளத்தில். அணியில் இரு பிரிவுப் பிள்ளைகளும் இருந்தாக வேண்டும். படித்து, விலைப்பலகை பார்த்து, கூட்டி, மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவர வேண்டும். தாள் நோட்டுப் பறக்கும் என்பதால் மரத்துண்டுகளில் 1, 2, 5, 10 என்று எழுதியிருந்தார்கள்.

பெற்றோருக்கு வடம் இழுத்தல். லாரியில் பாரம் கட்டும் நைலான் கயிற்றைக் கொண்டுவந்தவர்களிடம் குழு மறுத்துவிட்டது. நைலான் நீண்டு, அறுந்தால் சாட்டை போல் திரும்பி அடிக்கும்; மெல்லிசாக இருப்பதால் பிடிக்க முடியாமல் கையில் சுற்றிக்கொள்வார்கள், விரல் போவது அப்படித்தான். இந்தப் போட்டிக்கான வடத்தின் சுற்றளவு 10 முதல் 12.5 செ.மீ. வரை இருக்க வேண்டும். பக்கத்து மன்றத்திலிருந்து பருத்தி வடம் வந்தது. அணிக்கு எட்டுப் பேர். கையிலோ இடுப்பிலோ சுற்றினால் நிறுத்தம்.

விழா நாள்

கோடுகள் அதிகாலையில் போடப்பட்டன. சுட்ட சுண்ணாம்பைத் தவிர்த்தார்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். தரையில் தண்ணீர் தெளித்து அதன் மேல் கோலப்பொடி. ஈரத்தில் ஒட்டியதால் காற்றுக்கு நின்றது. பந்தல் துணியை மேற்குப் பக்கம் மட்டும் கட்டினார்கள். வளைவு இல்லை, நுழைவில் இரண்டு வாழைமரம், ஒரு கரும்புக் கட்டு.

8.30க்குத் தொடங்கி அடுக்குப் போட்டி முடியும் வரை எல்லாம் குறித்த நேரத்தில் நடந்தது. விழாவில் மிகுந்த ஆரவாரம் அடுக்குக்குத்தான். முதலில் முடித்த அணி நான்காவது வரிசையை மாற்றிப் போட மறந்தது. நடுவர் ஒன்றும் சொல்லாமல் கை கட்டி நின்றார். இருபதாவது வினாடியில் மேல் நான்கு பைகள் சரிந்தன. நாற்பது வினாடி கூடி, மெதுவாக அடுக்கிய அணி வென்றது. முடிந்ததும் மறுத்த தந்தை தோற்ற அணியைக் கூப்பிட்டு, எந்தப் பையில் பிசகியது என்று தொட்டுக் காட்டினார்.

10.40க்கு "இரண்டு கிலோ"வில் முதல் தடை. மின்னணுத் தராசைத் திறந்தவெளியில் வைத்திருந்தார்கள். காற்று தட்டில் பட்டு எண் நிற்காமல் இருபது கிராம் வரை ஆடியது. முதல் இரண்டு அணிகளுக்கு இடையில் இருந்த வித்தியாசமே அதைவிடக் குறைவு. கூடைகளை வகுப்பறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, அணிக்கு ஒரு பிள்ளையைச் சாட்சியாக வைத்து மீண்டும் நிறுத்தார்கள். பத்து நிமிடம் போனது. முடிவை யாரும் மறுக்கவில்லை.

பெரிய தாமதம் "சில்லறை"யில். சுற்றுக்கு நான்கு நிமிடம் என்று போட்டது ஒன்பது ஆனது. பிள்ளைகள் வேகமாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு பட்டியலும் வேறுவேறாக இருந்ததால் ஒரே டீச்சர் ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 12.45க்கு முடிய வேண்டிய விழா 1.30ஐத் தொட்டது. கடைசித் தொடர் ஓட்டத்தைப் பார்க்காமலே சின்ன வகுப்புப் பெற்றோர் பலர் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார்கள்.

காயம் என்று சொல்ல இரண்டு முழங்கால் சிராய்ப்பு, ஒரு கணுக்கால் பிசகு. மோர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் இரண்டும் போதுமான அளவு இருந்தன. ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்தது.

பின்னர்

அன்று வந்திருந்த பிள்ளைகளில் விளையாடாதவர் யாருமில்லை. தனிநபர் பரிசுகள் இம்முறையும் பழைய பெயர்களுக்கே போயின. அதில் தவறில்லை, அவர்கள் வேகமாக ஓடுகிறவர்கள். ஆனால் அணிக் கோப்பையைத் தீர்மானித்தது கருப்பொருள் விளையாட்டுகள். அளவுப் போட்டிகளில் மூன்றாவதாக இருந்த மஞ்சள் அணி கோப்பையை எடுத்தது. இது நியாயமா என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். கேள்வி தள்ளிவிடக் கூடியதல்ல: 10 புள்ளி சற்று அதிகம்தான்.

உமிப் பைகளை எலி கடித்துவிடும் என்பதால் உமியைக் கொட்டிவிட்டு, சாக்குகளை மட்டும் வெயிலில் காயவைத்து மடித்து வைத்தார்கள்.

மாற்ற வேண்டியவை

கருப்பொருள் விளையாட்டுக்கான புள்ளி 8, 6, 4, 2 ஆகக் குறையும். தராசு மூன்று பக்கம் மூடிய அட்டைப் பெட்டிக்குள் இருக்கும், திறந்த பக்கம் மேற்கே. "சில்லறை"க்கு நான்கே பட்டியல்கள்; விடையை முன்கூட்டியே எழுதி உறையில் ஒட்டி, தடத்துக்கு ஒருவராக நான்கு சரிபார்ப்பாளர்கள். புதிதாகச் சேர்க்கும் எந்த விளையாட்டையும் முழு எண்ணிக்கைப் பிள்ளைகளோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்து நேரம் குறித்த பிறகே அட்டவணையில் போட வேண்டும்; ஒத்திகையில் ஒரு அணியை மட்டும் வைத்துப் பார்த்ததால்தான் நான்கு நிமிடம் என்ற கணக்கு வந்தது.

சின்ன வகுப்புகளின் போட்டிகள் எல்லாம் 10.30க்குள் முடிந்து, அவர்கள் இடம்பெறும் பரிசளிப்பும் அப்போதே நடக்கும். அடுத்த கருப்பொருளுக்குத் தென்னந்தோப்பு பேச்சில் இருக்கிறது. தோப்பில் வேலை செய்யும் பெற்றோரிடம் முதலில் போய்ப் பேசிவிட்டு, அதன் பிறகே குழு விளையாட்டுகளை எழுதத் தொடங்கும் என்று பி.டி.ஏ. குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.